கயிறு தொடாத தோடு

தம்பி,

போன வெள்ளிக்கிழமை கடையைச் சாத்துகிற நேரத்தில் நீ கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை. வளையல் அட்டைகளை அடுக்குகிற மாதிரி முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். நீ அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு விசிலடித்தபடி வீட்டுக்குப் போனாய். என்னிடம் இத்தனை வருசமாகச் சாமான் வாங்குகிறவர்கள் ஒருவர்கூட அந்தத் தப்பைச் செய்ய மாட்டார்கள். நான் பேசாமல் நின்றால், கேட்ட விலைக்குக் கொடுக்க மாட்டேன் என்று அர்த்தம். நேரில் சொன்னால் நீ பாதியில் எழும்பிப் போவாய், நான் சத்தம் போடுவேன், உன் அப்பா வழக்கம்போல "ஒங்க அம்மாவக் கேளு" என்று சொல்லிவிட்டு வாசலில் போய் நிற்பார். அதனால்தான் எழுதுகிறேன். எழுதினதை யாரும் மறித்துப் பேச முடியாது. இதை வேறு நாலு பேர் படித்தாலும் எனக்கு ஒன்றுமில்லை. கடை வைத்திருக்கிற தாய் தகப்பனும், கையில் ஒரு வேலை வைத்திருக்கிற பிள்ளையும் நம் மலைப்பக்கத்தில் எத்தனையோ வீட்டில் இருக்கிறார்கள்.

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். கடை உனக்கு இல்லை. உன் பெயருக்கு எழுதவும் மாட்டேன், சாவியைத் தரவும் மாட்டேன். இந்த இடத்திலேயே கடிதத்தைக் கசக்கிப் போட்டுவிடாதே. மிச்சத்தையும் படி.

நீ ஏன் கேட்டாய் என்று எனக்குத் தெரியும். லுணுகலைக்குப் பெண் பார்க்கப் போன அன்று நிரோஷாவின் அப்பா உன்னைப் பார்த்து, "தம்பி என்ன செய்றாருங்க?" என்று கேட்டார். தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்து ஓய்வு பெற்ற மனுசன். கேள்வி கேட்டால் பதில் நேராக வரவேண்டும் என்று எதிர்பார்க்கிறவர். நீ தரையைப் பார்த்துக்கொண்டு, "அம்மாவோட கடையப் பாத்துக்கிறேங்க" என்றாய். அவர் முகம் மலர்ந்தது. எனக்கு மலரவில்லை. உன் சட்டைப் பையில் அப்போதுகூட ஊசியும் நூலும் இருந்தது எனக்குத் தெரியும். திரும்பி வரும்போது பசறை வளைவுகளில் பஸ் சுற்றச் சுற்ற, நீ பையிலிருந்த நூலை எடுத்து விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டு வந்தாய். சொன்ன பொய்யை உண்மையாக்குவதற்கு ஒரே வழி கடையை எழுதி வாங்குவது என்று அங்கேயே முடிவு பண்ணியிருப்பாய். கடை இல்லையென்றால் அந்தப் பெண்ணும் இல்லை என்பது உன் பயம். பயம் நியாயமானதுதான். அதைச் சின்னதாக நினைத்து நான் இந்த முடிவை எடுக்கவில்லை.

கடையைப் பற்றி நான் உனக்கு ஒருநாளும் உட்கார்ந்து சொன்னதில்லை. பூனாகலைத் தோட்டத்தில் வரிசை வீடுகளான லயத்தில் பிறந்து, ஒரு துணிப்பையில் ரிப்பனும் பொட்டும் பாசிமணியும் போட்டுக்கொண்டு, சம்பள நாளில் லயம் லயமாக ஏறி இறங்கினவள் நான். வாசற்படியில் உட்கார்ந்து பையைத் திறப்பேன். வாங்காதவர்களும் வந்து உட்காருவார்கள். யாருக்கு வளையல் கைக்குள் ஏறாது, எந்தப் பிள்ளைக்கு எந்த ரிப்பன் பள்ளிக்கூடத்தில் திட்டு வாங்கித் தரும், எல்லாம் பேச்சிலேயே வந்துவிடும். அடுத்த மாதம் அதைப் பார்த்துத்தான் சாமான் எடுப்பேன். பிறகு பண்டாரவளை ஞாயிற்றுச் சந்தையில் ஒரு மேசை. அதற்குப் பிறகு கடை. கடை வந்ததும் நான் நடப்பது நின்றது. சனங்கள் என்னிடம் வந்தார்கள். கொழும்பு மொத்த வியாபாரி அனுப்புகிறதை அட்டையோடு தொங்கவிட்டேன். விற்றது, நன்றாகவே விற்றது. கடையைக் குறை சொல்லமாட்டேன், நாம் சாப்பிட்டது அதில்தான். ஆனால் கல்லாவுக்குப் பின்னால் நிற்கிறவளுக்கு, வாங்க வருகிறவளின் கை தெரியும், பர்ஸ் தெரியும். அவள் அந்தத் தோட்டைப் போட்டுக்கொண்டு எங்கே போகிறாள் என்பது தெரியாது. எனக்குத் தெரியாமலே பல வருசம் போய்விட்டது. நீதான் காட்டினாய்.

சரசு வந்த ஞாயிற்றுக்கிழமையைச் சொல்கிறேன். அவள் பூனாகலையில் இன்றைக்கும் கொழுந்து எடுக்கிறவள், என் பழைய லயத்துக்கு இரண்டு லயம் தள்ளி இருக்கிறவள். தேயிலை மலைக்குப் போட்டுக்கொண்டு போகிற மாதிரி ஒரு தோடு வேண்டும் என்றாள். நான் ஜிமிக்கியை ஒதுக்கிவிட்டு, ஒற்றைக் கல் வைத்த சின்னத் தோடுகளை எடுத்துப் போட்டேன். பார்த்துவிட்டு வைத்துவிட்டாள்.

"இத போட்டுட்டு மலைக்குப் போக ஏலாதுங்க."

"ஏன், சின்னத் தோடுதானே?"

"சின்னது பெருசுங்கிறது இல்லீங்க. கூடைக் கயிறு ஏறும்ல."

நான் விலை பேசுவதற்கு வழி தேடுகிறாள் என்று நினைத்து அடுத்த அட்டையை எடுத்தேன். நீ மூலையில் உட்கார்ந்து அறுந்த பாசிமணி ஒன்றைக் கோத்துக்கொண்டிருந்தாய். எழும்பி வந்து, பெட்டி கட்டி வந்த கயிற்றை எடுத்து அவள் கையில் கொடுத்து, கயிறு எங்கே ஏறும் என்று காட்டச் சொன்னாய். அவளுக்குச் சிரிப்பு. "என்னா தம்பி, கடைக்குள்ளயே கொழுந்தெடுக்கச் சொல்றியா?" என்றாள். இருந்தும் தலையில் துணியை மடித்து வைத்து, கயிற்றை உச்சியில் போட்டு, இரண்டு பக்கமும் காதுக்குப் பின்னால் இறக்கினாள். கயிற்றின் நுனியில் நீ ஒரு பெட்டிச் சாமானைக் கட்டித் தொங்கவிட்டாய். பிறகு, பெண்கள் நிற்கிற கடை என்றுகூடப் பார்க்காமல், அவள் காதின் பின்பக்கத்தை டாக்டர் மாதிரிக் குனிந்து பார்த்தாய்.

அப்போதுதான் நானும் பார்த்தேன். தோட்டின் தண்டு பின்னால் நீட்டிக்கொண்டிருக்கிற இடமும், கயிறு அழுத்துகிற இடமும் ஒன்று. கூடையில் பாரம் ஏற ஏறத் தண்டு எலும்பில் போய்க் குத்தும். தொங்கட்டான் என்றால் இன்னும் மோசம், கயிறு அதைப் பிடித்துக் காதையே இழுத்துவிடும். "அதான் காலையில பேரு குடுக்கப் பெரட்டுக்கு வரமுன்னாடியே கழட்டி முந்தானையில முடிஞ்சிருவோம்" என்றாள் சரசு. "சாயங்காலம் அவுத்தா ஒண்ணுதான் இருக்கும். மத்தது செடிக்குள்ள போயிரும்." அப்படியானால் பகல் முழுக்கக் காதில் என்ன போடுவீர்கள் என்று நீ கேட்டாய். அவள் தலையைத் திருப்பிக் காட்டினாள். விளக்குமாற்று ஈர்க்கை நறுக்கிச் செருகியிருந்தாள், துளை தூர்ந்துபோகாமல் இருக்க.

என் அம்மா அந்தக் கயிற்றுக்குக் கீழே வாழ்ந்தவர். நான் அந்த லயத்தில் பிறந்தவள். அந்தக் காதுகளுக்கே தோடு விற்று வீடு கட்டினவள். ஒருநாளும் காதின் பின்பக்கத்தைப் பார்த்ததில்லை. நிறம் என்ன, விலை என்ன, கல் விழுமா, விழாதா, இவ்வளவுதான் எங்கள் கேள்வி. கயிறு எங்கே ஏறும் என்று கேட்டவன் நீ ஒருவன்தான். தம்பி, எத்தனையோ கெட்டிக்கார வியாபாரிகளை நான் பார்த்திருக்கிறேன். பொருளைக் கையில் எடுக்கிறதற்கு முன்னால் ஆளின் உடம்பைப் பார்க்கிறவனை அதுவரைக்கும் பார்த்ததில்லை.

அந்த வாரம் நம் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் சோறு வைக்க இடமில்லை. உன் அப்பாவின் கிழிந்த சட்டைகளிலிருந்து பட்டன்களை அறுத்தாய். தையல்கடையில் கூட்டித் தள்ளுகிற துணித் துண்டுகளை வாங்கிவந்து, பட்டனைப்போல இரண்டு மடங்கு அகலத்துக்கு வட்டமாக வெட்டினாய். வட்டத்தின் ஓரத்தில் ஓட்டுத் தையல் போட்டு, நடுவில் பட்டனை வைத்து நூலை இழுத்தால் துணி பூ மொட்டு மாதிரி சுருங்கிப் பட்டனைக் கவ்விக்கொள்ளும். பின்பக்கத்தில் தடித்த துணியில் ஒரு வில்லை. அதில் கம்பியைத் தைத்து, கம்பியைக் காதுக்குப் பின்னால் நீட்டாமல், காதுச் சோணையோடு ஒட்டிக் கீழே படுத்துக்கொள்கிற மாதிரி வளைத்தாய். முனையை அரத்தால் தேய்த்து மழுக்கினாய். முன்னால் தட்டை, பின்னால் தட்டை. கயிறு ஏறினால் வழுக்கிக்கொண்டு போய்விடும். செலவு என்று பார்த்தால் ஒன்றுமே இல்லை, எல்லாம் வீட்டிலும் தையல்காரரின் குப்பையிலும் கிடந்தது. மலிவாக ஒரு பொருளைச் செய்வது பெரிய கெட்டித்தனம் இல்லை, அதைக் கொழும்பில் எல்லாரும் செய்கிறார்கள். மலிவான பொருளை ஒருத்தியின் காதுக்கு அளவெடுத்துச் செய்வதை நான் உன்னிடம்தான் பார்த்தேன்.

கம்பியில்தான் சறுக்கினாய். மோட்டார் சுற்றுகிற கடையில் சும்மா கிடைத்தது என்று செப்புக் கம்பியைக் கொண்டுவந்தாய். வளைக்க வெண்ணெய் மாதிரி இருந்தது. முதல் ஜோடியைப் பெருமையாகச் சரசுவுக்குக் கொடுத்தாய். மழையும் வியர்வையும் பட்டுக் கம்பி பச்சை பூத்து, அவள் காது வீங்கிப்போனது. அவள் ஆள் அனுப்பிச் சொன்னாள். நான், காசு வாங்காமல் கொடுத்ததுதானே, விடு என்றேன். நீ விடவில்லை. மருந்து வாங்கிக்கொண்டு பூனாகலைக்குப் போய், அவள் புருசன் திட்டினதையும் நின்று கேட்டுவிட்டு வந்தாய். வந்த கையோடு, சின்னப் பிள்ளையில் உனக்குக் காது குத்தின துளை தூர்ந்து கிடந்ததே, அதில் ஈர்க்கை நுழைத்துத் திறந்தாய். இனிமேல் என் காதில் கிடக்காத கம்பி யார் காதுக்கும் போகாது என்றாய்.

அதற்குப் பிறகு நடந்த கூத்தை ஊரே பார்த்தது. பித்தளை, அலுமினியம், கடைசியில் பதுளை ஹார்ட்வெயாரில் கிடைத்த துருப்பிடிக்காத மெல்லிசுக் கம்பி, ஒவ்வொன்றாக உன் காதில் போட்டுக்கொண்டு குளித்தாய், தூங்கினாய். அதோடு விட்டாயா? தேங்காய் மூட்டையைக் கயிற்றில் கட்டித் தலையில் மாட்டி, மழையில் வீட்டைச் சுற்றி நடந்தாய். மேல் வீட்டுக்காரி என்னைக் கூப்பிட்டு, மகனுக்கு ஏதும் நேர்த்திக்கடனா என்று கேட்டாள். நான் ஆமாம் என்று சொல்லிவிட்டேன், வேறு என்ன சொல்வது? பக்கத்துப் போன் கடைக்கார முஸ்லிம் நானா உன் காதைப் பார்த்துவிட்டு, "என்ன அக்கா, மகன் படத்துல நடிக்கப் போறாரா?" என்று கடைத்தெரு கேட்கச் சொன்னார். நீ கோபப்படவில்லை. "நானா, போன ஒருத்தருக்கு விக்க முன்னுக்கு நீங்க ஒரு கோல் எடுத்துப் பாக்க மாட்டீங்களா?" என்று கேட்டாய். மறுநாள் அவர் மனைவியின் பிளவுஸ் துணி, அதில் தோடு செய்து தரச் சொல்லி, மடித்து நம் கடைக்கு வந்தது.

அந்தத் துணி வந்த பிறகுதான் உன் தொழிலுக்கு வடிவம் வந்தது. பிளவுஸ் தைத்து மிஞ்சின துணியில் அதே நிறத்தில் தோடு. எந்த நகைக்கடையும் கொடுக்க முடியாத பொருத்தம். நான் வியாபாரி அல்லவா, சும்மா இருப்பேனா? உன்னை நச்சரித்து, கண்ணுக்கு அழகான நிறங்களில் நிறையச் செய்ய வைத்து, கடையின் முன் கண்ணாடிப் பெட்டியில் பல்பு போட்டு அடுக்கினேன். எல்லாரும் நின்று பார்த்தார்கள். ஒருத்தியும் வாங்கவில்லை. ஒரு டீச்சர் மட்டும் ஒரு ஜோடியை எடுத்துத் தன் சேலைத் தலைப்போடு வைத்துப் பார்த்து, "நல்லாத்தாங்க இருக்கு. ஆனா வேற யாரோட தோட்டையோ எடுத்துப் போடுற மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். பல்பு வெளிச்சத்தில் துணி வெளுத்ததுதான் மிச்சம். அன்றைக்கே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். உன் தோடு, துணி கொண்டுவந்தவளுக்குத்தான் தோடு. கண்ணாடிக்குள் வைத்தால் அது வெறும் பட்டன்.

உன்னைக் கல்லாவில் உட்கார வைத்துப் பார்த்ததும் எனக்கு மறக்கவில்லை. கை நிறைய அட்டைகளை எடுத்துக்கொண்டு வந்த பிள்ளையிடம், "தங்கச்சி, அது வேணாம், அந்தக் கம்பி ஒங்க காதுக்கு ஒத்துக்காது" என்று என் கடையில் உட்கார்ந்துகொண்டு என் சாமானையே தடுத்தாய். அவள் காதில் ஏற்கெனவே புண் இருந்ததாம். அவள் அட்டைகளை வைத்துவிட்டு உனக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனாள். நான் உள்ளே நின்று பல்லைக் கடித்தேன். நீ செய்தது சரி. ஆனால் அந்தச் சரியை வைத்துக்கொண்டு பேன்சி கடை நடத்த முடியாது, தம்பி. இன்னும் கொஞ்ச நாளில் இரண்டில் ஒன்று நடக்கும். கடை படுத்துவிடும், இல்லையென்றால் நீ அந்தப் பிள்ளையின் காதைப் பார்ப்பதை நிறுத்திவிடுவாய். இரண்டாவதுதான் நடக்கும் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் எனக்கு அதுதான் நடந்தது. கடை யாரையும் ஒரே நாளில் மாற்றாது. கொஞ்சம் கொஞ்சமாகக் கல்லாவுக்குப் பின்னால் இழுத்துக்கொள்ளும்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். ஒற்றைத் தோடு கேட்டு வருகிறவர்களை நான் இத்தனை வருசமும் திருப்பி அனுப்பியிருக்கிறேன். ஜோடிதான் விற்போம் என்பது கடைச் சட்டம். நீ யாருடைய துணியை வாங்கினாலும் மிச்சத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, உள்ளங்கையில் கால்வாசி அளவுத் துண்டு ஒன்றைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்கிறாய். ஒன்று தொலைந்தால் ஒன்று செய்து தருகிறாய். தேயிலைச் செடிக்குள் விழுந்த தோட்டை யாரும் தேடி எடுக்க முடியாது என்பதைச் சரசு போகிற போக்கில் சொன்னாள். நீ அதைக் காதில் வாங்கி, ஒரு தொழில் முறையாகவே ஆக்கிவிட்டாய். போன வருசம் லுணுகலைத் தோட்டத்தில் தேர்த் திருவிழாவுக்கு ஒரு லயத்துப் பெண்கள் எல்லாரும் ஒரே நிறச் சேலை எடுத்தபோது உன்னைத்தான் கூப்பிட்டார்கள். அங்கே பாலர் பாடசாலையில் படிப்பிக்கிற ஒரு பிள்ளை எல்லார் துணியையும் சேர்த்துக் கட்டி, யாருக்குச் சோணை சின்னது, யாருக்குக் காது கிழிந்திருக்கிறது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தாள் என்று நீ வந்து சொன்னாய். சொல்லும்போது உன் முகத்தைப் பார்த்தே அடுத்த வேலை என்னவென்று எனக்குத் தெரிந்துவிட்டது. அந்த நிரோஷாவைக் கேட்டுக் கணக்கப்பிள்ளை வீட்டுக்குத் தரகரை அனுப்பினது நான்தான்.

இப்போது உனக்குத் தெரியாத ஒன்று. நேற்றுக் காலை பதுளைக்குச் சாமான் எடுக்கப் போகிறேன் என்று சொன்னேன். பதுளையில் இறங்கி, அடுத்த பஸ்ஸில் ஏறி லுணுகலைக்குப் போனேன். நிரோஷாவின் அப்பா வாசல்வரை வந்து கூட்டிப்போனார். தேத்தண்ணீர் வந்தது. கப்பைக் கையில் வைத்துக்கொண்டே விசயத்தைச் சொன்னேன். சுற்றி வளைத்துப் பேசினால் சரக்கு பழுது என்று நினைப்பார்கள். பண்டாரவளைக் கடையை மகனுக்குக் கொடுக்கவில்லை, பக்கத்துக் கடை நானாவுக்கு வாடகைக்கு விடப் பேசிவிட்டேன், அந்த வாடகை எனக்கும் என் புருசனுக்கும் கடைசிக் காலத்துக்கு என்றேன். அவர் கப்பைக் கீழே வைத்துவிட்டார்.

"அப்ப தம்பிக்குத் தொழில் என்னாங்க?"

"தோடு செய்றான்."

"அது பொம்பளப் புள்ளைங்க வீட்டுல சும்மா இருக்க நேரம் செய்றதுங்களே."

நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் உள்ளேயிருந்து நிரோஷா வந்து நின்றாள். மரியாதைக் குறைவாக ஒன்றும் பேசவில்லை. ஆனால் குரல் நடுங்கவும் இல்லை. "அப்பா, தேருக்குப் போட்ட தோட்டக் கழட்ட மறந்து அப்படியே தூங்கிட்டேன். காலையில முகம் கழுவறப்பதான் காதுல இருக்குன்னே தெரிஞ்சது. நீங்க வாங்கித் தந்த எந்தத் தோட்டப் போட்டும் நான் அப்படித் தூங்குனது இல்ல."

"நீ பேசாத புள்ள."

"நான் பேசலன்னா இதப் பத்தி ஒங்களுக்கு யாரு சொல்லுவா? நீங்க தோடு போட்டிருக்கீங்களா?"

மனுசனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அதை மீசைக்குள் போட்டு அமுக்கினார். பிறகு என்னிடம் குரலைத் தாழ்த்தி, கல்யாணத்துக்கு அப்புறமும் மாப்பிள்ளை காதில் போட்டுக்கொண்டுதான் திரிவாரா என்று கேட்டார். விற்கிற வரைக்கும் போடுவான் என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார். சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. நான் எழும்பும்போதுதான் அந்த வார்த்தையைச் சொன்னார்.

"கோவிச்சுக்காதீங்க. அன்னைக்கு என் மூஞ்சிக்கு முன்னாடி அவரு கடைன்னு சொன்னாரு. இன்னைக்கு நீங்க தோடுன்னு சொல்றீங்க. ஒரு ஆம்பளையோட தொழில அவரு அம்மா சொல்லி நான் தெரிஞ்சுக்கக் கூடாதுங்க. எந்தத் தொழிலாயிருந்தாலும் பரவாயில்ல. அவரு வந்து அவரு வாயால சொல்லட்டும். அப்பறம் நான் முடிவு சொல்றேன்."

எனக்கு அந்த மனுசனை அந்த நிமிசத்தில் மிகவும் பிடித்துப்போனது. நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

இந்த வேலைக்குக் கடை தேவையில்லை என்று நான் சொல்வதை, உன்னை வெறுங்கையோடு அனுப்புகிறேன் என்று நினைக்காதே. பூனாகலையிலும் பசறையிலும் லுணுகலையிலும் எந்தத் தையல்காரர் வேலை சுத்தம், யாருடைய கடையில் ஒரு மேசை போட இடமிருக்கிறது என்பதை நான் விசாரித்துவிட்டேன். துணி எங்கே வெட்டப்படுகிறதோ அங்கே நீ இருக்கவேண்டும். பிளவுஸ் வாங்க வருகிறவள் தோட்டையும் போட்டுப் பார்த்துவிட்டுப் போவாள். ஒவ்வோர் ஊரிலும் ஒரு நாள் இரு. தையல்காரருக்கு அவர் பங்கைக் கேட்காமலே கொடு. விலையைச் சொல்லும்போது துணிக்கும் பட்டனுக்கும் எவ்வளவு என்று பார்த்துச் சொல்லாதே, அது ஒன்றுமே இல்லை என்பது எல்லாருக்கும் தெரியும். மூட்டையைத் தலையில் மாட்டிக்கொண்டு மழையில் நடந்தாயே, அதற்கும் சேர்த்து விலை சொல். உனக்கு அந்த இடத்தில் மட்டும் நாக்கு வராது. உன்னுடைய பொருள் உயர்ந்தது என்று மற்றவர்கள் சொன்னால் வெட்கப்பட்டுக் குறைத்துக் கொடுத்துவிடுகிறாய். அந்தக் குணத்தை மாற்று. மற்ற எதையும் மாற்றாதே.

நானாவிடம் வார்த்தை கொடுத்தாயிற்று, கடை விசயத்தை இனி என்னிடம் பேசாதே. கோபம் இருக்கும், இருக்கட்டும். ஆனால் வருகிற ஞாயிற்றுக்கிழமை லுணுகலைக்குப் போ. உன் அப்பாவையும் கூட்டிப்போகாதே, என்னையும் கூப்பிடாதே. அவர் உட்காரச் சொல்லுவார். தெரிந்துகொண்டே மறுபடியும் அதே கேள்வியைக் கேட்பார். நிரோஷா உள்ளே நின்று கேட்டுக்கொண்டிருப்பாள். தரையைப் பார்க்காதே. தோடு செய்றேங்க என்று சொல். சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள். விளக்கம் சொல்லத் தொடங்கினவனின் பொருளை யாரும் முழு விலைக்கு வாங்கினதில்லை.